எங்க செட்டு அப்படித்தான்

அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. சலவைக்கூடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. அங்கே அவன் பெயர் தத்துவம். டீ ஆறிப்போனாலும், மிஷின் மக்கர் செய்தாலும், யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டு நின்றாலும் அதற்கு அவனிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். விளக்கம் எந்தத் தெருவில் புறப்பட்டாலும் ஒரே வாசலில்தான் போய் நிற்கும்: எங்க செட்டு அப்படித்தான்.

செட்டு என்று அவன் சொன்னது தன் வயதுக்காரர்களை. இருபதிலிருந்து இருபத்தைந்துக்குள் இருக்கிற அத்தனை பேரையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரிந்தான். தன்னையும் சேர்த்துத்தான் திட்டுவான். ஆனால் திட்டும்போது முகத்தில் ஒரு பெருமை வழியும். தனக்கு வந்திருக்கும் வியாதி டாக்டருக்கே புதுசு என்று சொல்லிக்கொள்கிற நோயாளியின் பெருமை அது. கல்லூரியில் இரண்டாம் வருடத்தோடு நின்றவன். நின்றதற்குக் காரணமும் செட்டுதான், அவன் இல்லை. அவன் அம்மா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கேயும் ஒருத்தன் மூடுவதில்லை என்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவன் பேசியதில் பாதிக்கு மேல் உண்மை. தன் வயதுக்காரர்கள் போன் அடித்தால் எடுக்க மாட்டார்கள் என்பான். அது அடித்து ஓயும்வரை வெறித்துப் பார்த்துவிட்டு, ஓய்ந்த மறுநிமிடம் "சொல்லு" என்று மெசேஜ் போடுவார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல மாட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டுக் காணாமல் போவார்கள். ஒருத்தனுடைய அப்பா இறந்துவிட்டார் என்று குரூப்பில் வந்தால் அழுகிற பொம்மை ஒன்று போடுவார்கள், அதே விரலால் அடுத்த செய்திக்குச் சிரிக்கிற பொம்மை. இதையெல்லாம் அவன் சொல்லும்போது சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவரவர் போனைப் பார்த்துக்கொண்டே சிரிப்பார்கள் என்பதையும் அவன் கவனித்துச் சொல்லிக் காட்டுவான்.

சிரிக்காதவள் ஒருத்திதான். சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். அவனோடு ரோலரில் ஜோடியாக நின்றவள். அவனுக்கும் அவள் வயதுதான்.

அந்தக் கூடத்துக்கு ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மலை மலையாக வரும். துவைத்துப் பிழிந்த ஈர விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து, உதறி, இழுத்து, ரோலர் என்கிற சுடுகிற பெரிய உருளைக்குள் ஒரே நேரத்தில் விட வேண்டும். ஒருத்தர் முந்தினாலும் துணி கோணிக்கொள்ளும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு கம்பி இருந்தது. விரல் பட்டால் மிஷின் நிற்பதற்காக வைத்த கம்பி. மடிப்பு விழுந்த துணி பட்டாலும் அது நிறுத்திவிடும். நின்றால் உள்ளே மாட்டிய விரிப்பு பழுப்பேறும், வேலையும் தங்கிப்போகும். ஆகவே மேனேஜர் சொல்லி மெக்கானிக் அந்தக் கம்பியை மேலே தூக்கி ஒயரால் கட்டிவிட்டார். அதற்குப் பிறகு மிஷினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான்தான் மிச்சம். அது சுருட்டை நின்ற பக்கத்தில் இருந்தது. அதாவது தத்துவத்தின் பத்து விரல்களும் அவளுடைய கண்ணையும் காதையும் நம்பி இருந்தன.

அவள் காதில் எதையும் மாட்ட மாட்டாள். மாட்டினால் தலை சுற்றும் என்பாள். அதனால் அவன் பேச்சு முழுவதும் அவள் தலையில்தான் விழுந்தது. அவளும் சும்மா விடுவதில்லை. உன் செட்டில் என்னை எதற்குச் சேர்க்கிறாய், நான் எழுதிக் கொடுத்தேனா என்பாள். அவளுடைய போன் அடித்தால், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு முதல் மணியிலேயே எடுப்பாள். அது எப்படி முடிகிறது என்று அவன் ஒருமுறை நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான்.

"அடிக்குது, எடுக்கறேன். இதுல என்னடா தத்துவம்?" என்றாள் அவள்.

இப்படி இருந்தவளைத்தான் அவன் வேலையை விட்டுத் துரத்தினான். கையைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. அதுதான் அதில் உள்ள கெட்டிக்காரத்தனம்.

தொடக்கம் அந்தக் கம்பிதான். அதை அவிழ்க்கச் சொல்லிச் சுருட்டை மேனேஜரிடம் போய் நின்றாள். பார்க்கலாம் என்றார். இன்னொரு தடவை போனாள். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். கடைசியில் ஒயர் சுற்றிய கம்பியைப் படம் பிடித்து, முதலாளியும் இருக்கிற குரூப்பில் போட்டாள். யாருடைய கை போனால் இதை அவிழ்ப்பீர்கள் என்று கீழே எழுதியிருந்தாள். எல்லோரும் பார்த்தார்கள். ஒருத்தர்கூட ஒரு பொம்மையும் போடவில்லை. தத்துவமும் போடவில்லை. மறுநாள் ரோலரில் நிற்கும்போது, நல்லா எழுதியிருந்தே என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான்.

மேனேஜர் புதிதாக வந்தவர். ஐம்பதைத் தாண்டியவர், அதிர்ந்து பேசாதவர். அவருடைய அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் கூடம் மொத்தமும் தெரியும், ஒரு சத்தமும் கேட்காது. ஒரு நாள் மத்தியானம் தத்துவத்தை உள்ளே கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து, சாஸரோடு டீ கொடுத்தார். கூடத்தில் டீ பேப்பர் கப்பில் வரும். சாஸரைப் பார்த்த உடனேயே இவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"உங்க வயசுப் பசங்களை எனக்குப் புரியவே மாட்டேங்குது தம்பி. நீதான் நல்லா கவனிச்சு வச்சிருக்கேன்னு சொல்றாங்க," என்றார்.

இதைக் கேட்கத்தானே அவன் பிறந்தது. மடை திறந்தான். அன்று மட்டுமில்லை, அதற்குப் பிறகு அடிக்கடி அந்த அறைக்குப் போனான். பேச்சுச் சத்தம்தான் வேலையைக் கெடுக்கிறது என்றால் எங்கள் செட்டைக் காதில் பாட்டு கேட்க விட்டுவிடுங்கள், பக்கத்தில் இருப்பவன் விழுந்தாலும் திரும்ப மாட்டோம் என்றான். அடுத்த நாளே காதில் மாட்டிக்கொள்ள அனுமதி வந்தது. எல்லோரும் மேனேஜரை நல்ல மனுஷன் என்று புகழ்ந்தார்கள். கூடம் அமைதியானது. விரிப்புகள் விரைவாகப் போயின. எங்கள் செட்டுக்கு ஒரு பட்டம் கொடுத்தால் போதும், வேறெதுவும் கேட்காமல் இரண்டு ஆள் வேலை செய்வோம் என்றும் சொன்னான். அடுத்த வாரம் அவனையே டீம் லீடர் ஆக்கினார்கள். தான் சொல்லிக்கொடுத்த வித்தையில் தானே மயங்கி விழுந்தது அவனுக்கு உறைக்கவில்லை. கழுத்தில் புது அட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். வீட்டில் அம்மாவுக்குக் காட்டினான். லீடருக்கு வேலை என்ன என்று அம்மா கேட்டதற்கு, அதே வேலைதான், ஆனால் லீடர் என்றான்.

பிறகு ஒரு நாள் மேனேஜர் டீயைக் கலக்கியபடியே பொதுவாகக் கேட்பது போலக் கேட்டார். ஒருத்தர் இருந்துகொண்டு எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறார் என்று வைத்துக்கொள். வேலையை விட்டு எடுத்தால் ஊரெல்லாம் போட்டு நாறடிப்பார். திட்டினால் அதையும் பதிவு செய்து போடுவார். அப்படிப்பட்டவரை என்ன செய்வது?

யாரைப் பற்றிய பேச்சு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் சுருட்டை அவன் இடத்தில் ஒரு மாற்று ஆளை வைத்துக்கொண்டு விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். சத்தமில்லாமல் உதறுவது போலத் தெரிந்தது. அவன் ஒரு கணம் தயங்கினான். அதை மறுக்க முடியாது. ஆனால் பதில் மனதுக்குள் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. அப்படி அமைந்த ஒன்றைச் சொல்லாமல் விழுங்க அவனால் முடியவில்லை.

"எங்க செட்டை அடிச்சா தாங்கும் சார். திட்டினா தாங்கும். கண்டுக்காம விட்டா தாங்காது. மெசேஜைப் பாத்துட்டுப் பதில் போடாம விடுங்க. குரூப்ல இல்லாம ஆக்குங்க. காரணம் மட்டும் சொல்லாதீங்க. தானா போயிடுவாங்க."

மேனேஜர் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தார். கப்பைச் சாஸரில் வைத்தார்.

"அப்ப நீயே பாத்துக்கோ," என்றார்.

அவன் பார்த்துக்கொண்டான். புதிதாக ஒரு குரூப் திறந்து, சுருட்டையைத் தவிர எல்லோரையும் அதில் சேர்த்தான். கொஞ்ச நாளைக்கு அவளிடம் பேச்சு வைத்துக்கொள்ள வேண்டாம், ஆபீஸில் கவனிக்கிறார்கள் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொன்னான். ஏன் என்று யாராவது கேட்பார்கள் என எதிர்பார்த்து நாலைந்து காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தான். ஒருத்தரும் கேட்கவில்லை. சரி என்று கட்டைவிரல் பொம்மை போட்டார்கள். அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள், அவளிடம் குடையை இரவல் வாங்கிப் போனவன், எல்லோரும் போட்டார்கள்.

ஷிப்ட் மாறிய செய்தி புது குரூப்பில் வந்தது. சுருட்டை பழைய நேரத்துக்கே வந்து நின்றாள். அவள் இடத்தில் வேறொருத்தன் நின்றான். அவளை உள்ளே கடைசியில், சுவரைப் பார்த்து நின்று தலையணை உறை மடிக்கிற மேஜைக்கு அனுப்பினார்கள். அங்கே போய்ப் பக்கத்து ஆளிடம் ஏதோ கேட்டாள். அவன் காதைத் தொட்டுக் காட்டி, கேட்கவில்லை என்பது போல் கையை அசைத்துவிட்டு உறையை மடித்தான். டீ நேரத்தில் அவள் வந்து நின்றதும் ஒவ்வொருவராகக் கப்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அன்று சாயங்காலம் தத்துவத்தின் போனில், என்னடா நடக்குது என்று அவளுடைய மெசேஜ் வந்தது. திறந்தால் நீல டிக் விழும் என்பதால் அவன் திறக்காமலே மேலாகப் படித்தான். பிறகு போன் அடித்தது. சாப்பாட்டு மேஜையில் அது கிடந்து அதிர்ந்துகொண்டே நகர்ந்தது. தட்டுக்கு இந்தப் பக்கம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எடுத்துத் தொலையேன் என்றாள் அம்மா. ராங் நம்பர் என்றான்.

அவள் அவனுடைய செட்டு இல்லை என்பதற்கு அத்தாட்சியாக, மறுநாள் நேரே வந்தாள். வாசலில் அவன் சைக்கிளுக்குக் குறுக்கே நின்றாள். கண் வீங்கியிருந்தது. ஆனால் குரல் உடையவில்லை.

"நேரா கேக்கறேன், நேரா சொல்லு. நான் என்னடா தப்பு பண்ணேன்?"

 அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அவனுடைய கையைக் காப்பாற்றத்தான் அவ்வளவு நாளும் ஆபீஸ் வாசலில் போய் நின்றாள். அது அவனுக்கு மிக நன்றாகத் தெரியும்.

"அப்புறம் மெசேஜ் பண்றேன்," என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை ஒடித்துத் திருப்பிக்கொண்டு போனான்.

அவள் காத்திருந்தாள் போலிருக்கிறது. அவன் அனுப்பவில்லை. அடுத்த வாரத்தில் ஒரு நாள் அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. மேனேஜர் அவனைப் பார்த்துத் தலையை ஒரு முறை அசைத்தார். அதுதான் அவனுக்குக் கிடைத்த கூலி. அதையும் அவன் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட முடியவில்லை. தன்னுடைய கணிப்பு ஒன்று இவ்வளவு துல்லியமாகப் பலித்ததை யாரிடமும் சொல்ல முடியாமல் போனதுதான், அந்த நாட்களில், அவனுக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது. இப்படியும் ஒரு பிறவி.

ரோலரில் அவனுக்கு எதிரே இப்போது ஒரு புதுப் பையன் நின்றான். நல்ல பையன்தான். காதில் பாட்டு ஓடும், தலை அதற்கேற்ப ஆடும். ஒரு விரிப்பு போய் அடுத்தது வருவதற்குள் இருக்கிற இடைவெளியில் போனை எடுத்து ஒரு தட்டு தட்டிவிட்டு உள்ளே போடுவான். தத்துவம் பேசிப் பார்த்தான். பையன் புன்னகை செய்து காதைக் காட்டினான்.

ஒரு காலையில், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த விரிப்பு ஒன்றில் நாடா முடிச்சு விழுந்திருந்தது. துணி உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே அதை அவிழ்க்கப் பார்த்தான். எத்தனையோ தடவை செய்ததுதான். நாடா மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. கம்பி இருக்க வேண்டிய இடத்தில் கம்பி இல்லை, அது தலைக்கு மேல் கட்டப்பட்டுப் பத்திரமாக இருந்தது. அவன் கத்தினான். பையன் அடுத்த விரிப்பை எடுக்க வண்டிக்குள் குனிந்திருந்தான். அவன் தலை தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. பொத்தான் பையனுடைய முழங்கைக்கு அருகில் இருந்தது. கூடத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் அவன்தான் காதில் பாட்டை வாங்கிக் கொடுத்தவன். எங்கிருந்தோ வந்த மெக்கானிக் கருகும் நாற்றத்தை முகர்ந்து, ஓடிப்போய் மெயினை இழுத்து அணைத்தார். அதற்குள் வலது கையில் மூன்று விரல்கள் விரல்களாக இல்லை.

கண்ணாடி அறைக்கும் அந்தச் சத்தம் கேட்கவில்லை. அதற்காகத்தான் அந்தக் கண்ணாடி.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு விரித்திருந்த விரிப்பு அவர்கள் கூடத்தில் இஸ்திரி போட்டது. ஓரத்து முத்திரையைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். மேனேஜர் ஒரு தடவை வந்து, நின்றபடியே பேசிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்த பிறகு இடது கையால் போனைப் பிடித்துக் கட்டுப்போட்ட கையைப் படம் எடுத்து குரூப்பில் போட்டான். அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன. ஒரு இதயம் வந்தது. பிறகு யாரோ பிறந்தநாள் கொண்டாடினார்கள், சிரிக்கிற பொம்மைகள் வந்தன. இரண்டொரு நாளில் குரூப்பில் சத்தமே நின்றுபோயிற்று. ஷிப்ட் விவரம் இல்லை, விடுமுறை கேட்பவர்கள் இல்லை, கேலி இல்லை. அத்தனை பேரும் ஒரே நாளில் ஊமையாகிவிடவில்லை என்பது அவனுக்குத் தெரியும். வேறொரு குரூப் திறந்தாகிவிட்டது. எப்போது வேலைக்கு வரலாம் என்று மேனேஜருக்கு எழுதினான். நீல டிக் விழுந்தது. மறுபடி எழுதினான். நீல டிக் விழுந்தது. புதுப் பையனுக்குப் போன் செய்தான். வாழ்நாளில் தானாக ஒருத்தருக்கு அவன் போன் செய்தது அதுவே முதல் தடவையாக இருக்கும். அது அடித்து ஓய்ந்தது. மறுநிமிடம், சொல்லுண்ணா என்று மெசேஜ் வந்தது. கம்பியை அவிழ்த்தார்களா என்று கேட்டான். அதற்குப் பதில் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்கு முதல்முறையாக அழுகை வந்தது. கைக்காக அழவில்லை. தன்னை விட்டுவிட்டு வேறு குரூப் திறந்துவிட்டார்களே என்று அழுதான். கண்டுகொள்ளாமல் விட்டால் தாங்காது என்று சொன்னது எவ்வளவு சரி என்று அழுகையின் நடுவிலும் ஒரு மூலையில் நினைத்துக்கொண்டான்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. உன்னோடு நின்ற அந்தப் பெண் எங்கே, அவளாவது வந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டாள். அவன் நடந்ததை விட்டு விட்டுச் சொன்னான். அம்மா இடுப்பில் கையை வைத்து முழுவதையும் கேட்டாள்.  சொல்லி முடித்ததும், எங்க செட்டு அப்படித்தான்மா என்றான்.

"செட்டு இல்லடா. நீ," என்றாள் அம்மா.

பிறகு தன் போனை எடுத்தாள். முன்பு இவன் காய்ச்சலில் கிடந்தபோது சுருட்டை விசாரித்த நம்பர் அதில் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று இவன் எழுந்து தடுப்பதற்குள், எதிர்ப்பக்கத்தில் முதல் மணியிலேயே எடுத்தாயிற்று. அவனுக்கும் கேட்கும்படி அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.  பிறகு எந்தக் கை, எத்தனை விரல், தூங்குகிறானா, வலிக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று சுருட்டை ஒவ்வொன்றாகக் கேட்டாள். கம்பியை இப்போதாவது அவிழ்த்தார்களா என்றும் கேட்டாள். அம்மா இவனைப் பார்த்தாள். தெரியாது என்று இவன் தலையை ஆட்டினான்.

"இந்தா, நீயே பேசு," என்று அம்மா போனை அவன் வாய்க்கு அருகில் நீட்டினாள்.

அறையில் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"இருக்கேன். சொல்லு," என்றாள் சுருட்டை.

அவன் வாயைத் திறந்தான். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த வாய் அது. தப்பு செய்துவிட்டேன் என்கிற ஒன்றை மட்டும் அது ஒரு நாளும் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. அதை அவன் எப்போதும் விரலால்தான் சொல்லிப் பழகியிருந்தான். சுருட்டை அவசரப்படவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டது. அம்மாவின் கை வலித்திருக்க வேண்டும், போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். அவ்வளவு நேரம் கொடுத்தார்கள் அவனுக்கு.

கடைசியில் அவன் அம்மாவைப் பார்த்துக் கிசுகிசுத்தான்.

"அப்புறம் மெசேஜ் பண்றேன்னு சொல்லும்மா."

சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

"வேணாம்மா," என்றாள் சுருட்டை. அவள் குரலில் கோபம் இல்லை. "நான் ஒரு தடவை அதுக்குக் காத்திருந்து பாத்துட்டேன். நீங்க உடம்பைப் பாத்துக்கோங்க."

போனை வைத்துவிட்டாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். அவன் தன் போனை மடியில் வைத்து, பழக்கமில்லாத இடது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நெடுநேரம் தட்டினான். நடந்தது எல்லாவற்றையும் எழுதினான். மன்னித்துவிடு என்று எழுதினான். இந்த முறை செட்டு என்ற வார்த்தையே அதில் வரவில்லை. அனுப்பினான். உடனே நீல டிக் விழுந்தது. படித்துவிட்டாள். அவன் திரையை அணையவிடாமல் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். சாயங்காலம் அம்மா திரும்பி வந்து விளக்கைப் போட்டபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான். பதில் வரவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று, கண்ணாடி அறையில் சாஸரோடு டீ குடித்துக்கொண்டு, அவன்தான் விளக்கிச் சொல்லியிருந்தான்.